வெள்ளிக்கிழமைதான் படகு

ஆப்பிரிக்காவில், மலாவியில் என் கணவர் வாத்தியாராக இருந்த காலம். ஒப்பந்தம் முடியப்போகிற நேரத்தில், ஓய்வு வேண்டும் என்று ஏரிக்கரை விடுதி ஒன்றுக்கு என்னை அழைத்துப்போனார். ஏரி என்று பேர்தான், அக்கரையே தெரியாது. அலை, மணல் எல்லாம் உண்டு. கோரைப்புல் வேய்ந்த சில குடிசைகள். சாலை கிடையாது. படகு வெள்ளிக்கிழமை மட்டும்.

வேறு ஒருத்தியாக இருந்தால் மகிழ்ந்திருப்பாள். எனக்கு இருப்பே கொள்ளவில்லை. சமைக்க விடமாட்டார்கள், பெருக்க விடமாட்டார்கள். வேளாவேளைக்கு மீனைக் காட்டுவார்கள். நான் சைவம், வேண்டாம் என்று தலையை ஆட்டியதும் வாழைப்பழம் வரும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் குக்கரும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போயிருந்தேன். முதல் விசிலுக்கே பக்கத்துக் குடிசை வெள்ளைக்காரத் தம்பதி வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அதோடு அதற்கும் தடை. அப்புறம் என்ன செய்ய? மணலில் போவேன், வருவேன். கொஞ்சம் உட்காரேன் என்பார். எப்படி உட்கார? எங்கள் மகளை நடை பழகிய வயதில் மைசூரில் என் அக்காவிடம் விட்டு வந்திருந்தோம். அக்காவுக்குக் குழந்தை இல்லை. கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்வாள், தெரியும். இருந்தாலும் பெற்ற வயிறு கேட்குமா?

அடுத்து ஊருக்குத்தானே என்று தினமும் கேட்டேன். தண்ணீர் எவ்வளவு தெளிவு பார் என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புதன்கிழமை மத்தியானம்தான் வாயைத் திறந்தார், இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருந்துவிடலாம் என்று. கோபித்துக்கொண்டு எங்கேயும் கிளம்ப முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டி வந்திருக்கிறார், பாவி மனுஷன். வாய்க்கு வந்தபடி பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"லீவுல மைசூர் போய்ட்டு வந்த எங்க ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் சொன்னாரு. பாப்பா உங்கக்காவத்தான் அம்மான்னு கூப்பிடுதாம். நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லலை."

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், நன்றாகவே அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

"என்னைச் சித்தின்னே கூப்பிடட்டும். கூப்பிட்டா கேக்கற தூரத்துல நான் இருக்கணும், அவ்வளவுதான்."

புது ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஊர் திரும்பி, மைசூர் விஜயநகரில் அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் வீடு பிடித்தோம். மகளை அக்காவிடமிருந்து பிரித்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் என் வாசலில் நின்று, "சித்தி, ஊட்ட ஆயித்தா?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பாள். ஆச்சு கண்ணு என்பேன்.