ராகுகாலத்தில் பொங்கிய பால்

கிளிநொச்சிச் சனம் இடம்பெயர்ந்து விசுவமடுவில் வந்து இறங்கியபோது, நெல்லும் மிளகாயும் விளைந்துகொண்டிருந்த அந்த ஊர் சில வாரங்களில் பட்டினமாகிவிட்டது. பட்டினத்தின் வசதிகள் எவையும் வரவில்லை. வீட்டுக்காரரின் தோரணை மட்டும் வந்தது. காலையில் சொன்ன வாடகை மாலையில் நிற்காது. நானும், என்னோடு படிப்பித்த முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கப் பெண்ணும் ஒரு வகுப்பறையில் வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்தோம். திங்கட்கிழமை பாடசாலை தொடங்குகிறது, அதற்குள் வகுப்பறையை விட்டு எழும்பிவிடவேண்டும் என்று அதிபர் சொல்லிவிட்டார். தனித்தனியே அறை எடுக்க எங்களுக்கு வசதியில்லை. இருவரும் சேர்ந்தால் ஒன்றை எடுக்கலாம், யாராவது தந்தால்.

"ஆம்பிளைத் துணையில்லாத குமருகளுக்கு அறையைக் குடுத்துப்போட்டு, ஊர்க் கதைக்கு ஆர் மறுமொழி சொல்லுறது?" என்று ஒரு வீட்டில் படலையைத் திறக்காமலே கேட்டார்கள். இன்னொருவர் மாட்டுக்கொட்டிலைக் காட்டினார். சாணமணம் இன்னும் போகவில்லை. கேட்ட வாடகையோ கல்வீட்டுக்குரியது.

"மாடு எவ்வளவு தந்ததண்ணை?" என்று தோழி கேட்டாள்.

"வாய்க்கொழுப்புக்கு மரத்தடிதான் சரி," என்று அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் படலையை அடித்துச் சாத்தினார்.

கடைசியில், பெரிய வளவொன்றில் தனியே இருந்த ஓர் அம்மா இரங்கினார். பக்கத்து அறையும், சமைக்க அதன் சுவரோடு சாய்த்து இறக்கிய ஒரு பத்தியும். முற்பணத்தை வாங்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை வந்து பாலைக் காய்ச்சுங்கோ," என்றார். எங்கள் சைவ வீடுகளில் அதுதான் குடிபுகுதல். புது அடுப்பில் யாருடைய பால் முதலில் பொங்கி வழிகிறதோ, அவர்களுடையது வீடு.

வெள்ளிக்கிழமை நாங்கள் சைக்கிளில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போய் இறங்கியபோது, முற்றத்தில் ஓர் உழவியந்திரம் நின்றது. அதன் இழுவைப் பெட்டி நிறைய அலுமாரியும் கதிரைகளும். கிளிநொச்சியில் கடை வைத்திருந்த ஒருவரும் அவர் மனைவியும் வேப்பமர நிழலில் பாற்சட்டியோடு காத்திருந்தார்கள்.

"என்ன பிள்ளையள் செய்யிறது? அவை குடும்பகாரர். உங்கடை முற்பணத்தைக் கொண்டுபோங்கோ," என்றார் வீட்டுக்கார அம்மா. அவர் குரலில் வெட்கம் சிறிதும் இல்லை.

தோழி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, இவையள் ஏன் உள்ளுக்குப் போகாமல் நிக்கினம்?"

"ராகுகாலம். பன்னிரண்டு மணிமட்டும் நல்லதொண்டும் தொடங்கக்கூடாது."

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு இறைச்சிதான் விலக்கு. நேரம் விலக்கில்லை," என்றவள், எங்கள் சட்டியையும் பாற்போத்தலையும் எடுத்துக்கொண்டு பத்திக்குள் போனாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு விளங்கியபோது அடுப்பில் வைத்த தென்னம் பன்னாடையில் நெருப்புப் பிடித்துவிட்டது. புகையைக் கண்டு எல்லாரும் ஓடிவந்தோம். பால் பொங்கி, அடுப்புக் கல்லில் வழிந்து கருகியது.

"அடி அறுவாளே! என்ரை வீட்டிலை ராகுவைக் குடியேத்திப்போட்டாளே!" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

கடைக்காரரின் மனைவி பின்வாங்கினார். "இஞ்சையப்பா, சாமானை இறக்காதேங்கோ. கடையை ஷெல்லுக்குக் குடுத்தது காணும். மிச்சத்தை ராகுவுக்குக் குடுக்க நான் வரேல்லை."

"வேறை இடம் கிடைக்காதடியப்பா..."

"அப்ப நீங்கள் இருங்கோ. நான் உழவியந்திரத்திலை இருக்கிறன்."

சற்று நேரத்தில் அவர்கள் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

"எடு சட்டியை வெளியிலை!" என்று அந்த அம்மா சீறினார்.

"பொங்கின பாலை நான் கொட்டமாட்டன். நீங்கள் கொண்டுபோய் ஊத்துங்கோ, அம்மா," என்றாள் தோழி, மிகுந்த மரியாதையோடு.

பொங்கிய பாலைக் கொட்டுவது அதைவிடப் பெரிய அபசகுனம். அந்த அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீர் எங்கடை சைவப்பிள்ளை. ஐயரைக் கொண்டு ஒரு சாந்தி செய்விப்பம். அறை உமக்குத்தான். அரைவாசி வாடகை தந்தால் போதும். அவளை மட்டும் அனுப்பிவிடும்."

திங்கட்கிழமை என் கண்முன் நின்றது. அந்த வயதுவரை நான் ராகுகாலத்தில் ஒரு புதுச்சேலைகூட உடுத்தியதில்லை. என் பயம் பொய்யான பயமன்று. இன்றும் அதை நான் எள்ளமாட்டேன். பத்தி வாசலில் தோழி எதுவும் கேளாமல், பாலுக்குள் சீனியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். நாங்கள் என்ன பேசுகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை; ராகுகாலம் முடியவில்லை. நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வலதுகாலை முதலில் வைக்க மட்டும் கவனமாயிருந்து, அந்த அறைக்குள் போனேன்.

"பிறகு என்னட்டை வந்து அழக்கூடாது," என்றார் அந்த அம்மா.

அறைக்குப் போட்டியாக அதன்பின் ஒருவரும் வரவில்லை. செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. வாடகையை ஏற்றவும் அவரால் முடியவில்லை. நேராக எங்களோடு அவர் கதைத்ததேயில்லை. கோழி செத்தாலும் முருங்கை முறிந்தாலும், அதற்குக் காரணம் யார் என்பதை எங்கள் காதில் விழும்படி அடுத்த வளவுக்குச் சொல்வார்.

"கேட்டியளே அக்கா, இண்டைக்கு நாங்கள் வெங்காயத்துக்குப் புழு வைச்சிட்டமாம்," என்பாள் தோழி, அடுப்பை ஊதிக்கொண்டே.