நன்றாக இருந்த ஏசிக்கு நான் செய்த சர்வீஸ்

குளிர்ந்துகொண்டிருந்த ஒரு கார் ஏசியை நானே கெடுத்திருக்கிறேன். தெரியாமல் நடந்தது என்று தப்பிக்கவும் வழியில்லை. கேஜ் மாட்டி, அளவு பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் கெடுத்தேன். சங்கரன்கோவிலில் இத்தனை வருடம் கார் ஏசி வேலை பார்த்தவன் இதை எழுதுவது தொழிலுக்கு நல்லதல்ல. ஆனாலும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைவிடச் சீக்கிரம் தெரிந்துகொள்ளட்டும்.

1. கை கட்டி நின்ற வாத்தியார்

செல்வின் சார் பனவடலிசத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். அவர் மனைவி மெர்சி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். அதுவரை பிறந்தநாள் கேக்குகள்தான். அந்தச் சித்திரையில் முதன்முறையாகப் புளியங்குடியிலிருந்து ஒரு கல்யாணக் கேக் ஆர்டர் வந்தது. மூன்று அடுக்கு, முழுக்க வெண்ணெய் க்ரீம். அது நிமிர்ந்து போய்ச் சேர்ந்தால் இன்னும் பல கல்யாணங்கள் வரும். சரிந்து போய்ச் சேர்ந்தால் பிறந்தநாள்களும் போய்விடும். பாதி வாடிக்கையாளர்கள் அந்தப் பந்தலில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

முந்தின நாள் சார் காரைக் கொண்டுவந்தார்.

“ஏசிக்கு ஒரு சர்வீஸ் போட்டுரும்வே.”

“என்ன கம்ப்ளெய்ன்ட் சார்?”

“ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு மக்கர் பண்ணிரக் கூடாதுல்லா?”

கேஜ் மாட்டினேன். பிரஷர் இரண்டு பக்கமும் கச்சிதம்.

“சார், இது மூடின சிஸ்டம். கேஸ் தானாத் தீராது. கொறஞ்சா எங்கயோ லீக்குன்னு அர்த்தம். இதுல லீக் இல்ல. தொட வேண்டாம்.”

“இஞ்சினுக்கு வருசாவருசம் ஆயில் மாத்துதோம். இதுக்கு மட்டும் ஒண்ணும் வேண்டாமோ? சும்மா பாத்துட்டு அனுப்புததுக்கு நீரு எதுக்குவே?”

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் பக்கம் ஏசி சர்வீஸ் என்றால் கேஸ் சிலிண்டர் திறக்க வேண்டும், ‘உஸ்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், தேங்காய் உடைக்காமல் அர்ச்சனையை முடித்தவரைப் பார்ப்பதுபோல் மெக்கானிக்கைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. சிலிண்டரைத் திறந்து, தேவையில்லாத கேஸைக் கொஞ்சம் ஏற்றினேன். ‘உஸ்.’ சார் கையை அவிழ்த்தார்.

முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் கண்டென்சரை மட்டும் நான் எட்டிப் பார்க்கவில்லை. சூடான கேஸ் காற்றுப்பட்டு ஆறுகிற இடம் அது. அதைக் கழுவுவது வாட்டர் சர்வீஸ்காரர் வேலை என்பது டிப்ளமா படித்த என்னுடைய கருத்து.

2. எலுமிச்சை லாரிகளுக்குப் பின்னால்

மறுநாள் காலையில், “நீங்களும் கூட வாங்க அண்ணாச்சி, எனக்கு ஒரு தைரியம்” என்றார் மெர்சி. சார் ஓட்டினார். நான் முன்சீட்டில். மெர்சி பின்னால் கேக் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார். புளியங்குடி வரும்வரை குற்றாலத்துச் சாரல் மாதிரிக் குளிர். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மார்க்கெட்டுக்கு முன்னால் எலுமிச்சை லாரிகள் ரோட்டை அடைத்து நின்றன. கார் நின்றது. வெயில் கண்ணாடியில் இறங்கியது. ஏசிக் காற்று வரும் வென்ட்டில் கை வைத்தேன். குளிர் சற்றுக் குறைந்த மாதிரி இருந்தது. பிரமை என்று கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரிக் காற்று.

“என்னவே?” என்றார் சார்.

“ஒண்ணுமில்ல சார்.”

“அண்ணாச்சி,” என்றது பின்சீட்டு, “மேல் அடுக்கு வேர்க்குது.”

கம்ப்ரஸர் நின்றுவிட்டது என்று புரிந்தது. பிரஷர் அளவு மீறினால் ஸ்விட்ச் அதை நிறுத்திவிடும். ஏன் மீறியது?

“நேத்து சர்வீஸ் பண்ணினீருல்லா?”

“பண்ணினேன் சார்.”

“பெறகு?”

“அதான் சார் யோசிக்கேன்.”

“யோசிக்கதுக்கு நேரமில்ல அண்ணாச்சி, அடுக்கு நகருது!” மெர்சியின் குரல் உடைந்துவிட்டது.

இறங்கி ஓடினேன். ஃபேன் சுற்றியது. ஒரு டிஷ்யூ பேப்பரைக் கிரில்லின் முன்னால் பிடித்தேன். ஃபேன் அதை இழுத்து ஒட்டவைக்க வேண்டும். பேப்பர் என் கையிலேயே தொங்கியது. காற்று உள்ளே போகவில்லை. குனிந்து பார்த்தேன். கண்டென்சர் முழுக்க உளுந்துச் சருகு. சார் பள்ளிக்கூடம் போகிற வழியில் அறுவடை நேரத்தில் உளுந்துச் செடியை ரோட்டில் விரித்து, போகிற வண்டிகளை வைத்தே அடித்துக்கொள்வார்கள். சார் காரும் அறுவடை முழுக்க உழைத்திருக்கிறது. ஓடும்போது எதிர்காற்று எப்படியோ சமாளித்தது. நின்றதும், அந்த அடைப்போடு நான் ஏற்றிய கேஸும் சேர்ந்து கழுத்தைப் பிடித்துவிட்டன.

பக்கத்துக் குடோனில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி, கிரில் வழியாக ஊற்றினேன்.

“ஏலே, இங்கன வாங்கல!” என்று கத்தினார் ஒரு லோடுமேன். “ஒருத்தரு நடுரோட்டுல காரக் குளிப்பாட்டுதாரு!”

சருகு பழுப்பாக வழிந்தது. இன்னொரு வாளி. ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே மெர்சி கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். கேலி பேசிய லோடுமேனே அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாளியைத் தூக்கி வந்தார். ஊற்றினோம். உள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். கம்ப்ரஸர் பிடித்துவிட்டது.

“வருது அண்ணாச்சி, வருது! நிறுத்தாதிய, ஊத்துங்க!”

லாரிகள் நகரும்வரை ஊற்றினோம். கேக் போய்ச் சேர்ந்தது. மேல் அடுக்கு லேசாகத் தலை சாய்த்திருந்தது. ஒரு க்ரீம் ரோஜா கீழடுக்குக்குக் குடியிறங்கியிருந்தது. மெர்சி அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, அப்புறம்தான் அழுதார்.

3. தெரிந்துகொண்டது

ஊர் திரும்பியதும் மிஷினில் போட்டு அதிகப்படி கேஸை எடுத்தேன். கார் ஏசிக்கு வருடாந்திர சர்வீஸ் தேவையா என்று கேட்டால் இப்போது இப்படிச் சொல்கிறேன். கேஸுக்குத் தேவையில்லை, அது குறைந்தால் லீக்கைத் தேடுங்கள், சிலிண்டரைத் தேடாதீர்கள். காற்று போகும் வழிக்குத் தேவை. கோடைக்கு முன்னால் கண்டென்சரை மெதுவான தண்ணீரில் கழுவி, ஃபேன் இழுக்கிறதா என்று பார்த்து, உள்ளே இருக்கும் கேபின் ஃபில்டரைத் தூசி தட்டுங்கள், முடியாவிட்டால் மாற்றுங்கள். இதில் ‘உஸ்’ சத்தமே வராது. வாடிக்கையாளர் கை கட்டி நிற்பார். நிற்கட்டும்.

கொஞ்ச நாள் கழித்து மெர்சி போன் செய்தார். இரண்டு கல்யாண ஆர்டர் வந்திருக்கிறதாம்.

“ரொம்ப சந்தோசம்மா. வண்டிய முந்தின நாளே கொண்டு வந்துருங்க, நானே நல்லாப் பாத்து—”

“அதுக்குத்தான் கூப்பிட்டேன் அண்ணாச்சி. இந்தத் தடவ வாடகைக் காருல கொண்டு போலாம்னு இருக்கோம். நீங்க கை வைக்காத வண்டியா ஒண்ணு பாத்துச் சொல்லுதியளா?”