தம்பிக்கு ருசி பார்த்தவள்

என் தம்பிக்கு இனிப்பு ஆகாது. பிடிக்காது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பிடிவாதம் என்று அப்பா நினைத்தார், பேய்க்கோளாறு என்று பக்கத்து லயத்து வீடுகளில் நினைத்தார்கள். இப்படி ஒரு கோளாறோடு பிள்ளைகள் பிறக்கக்கூடும் என்று அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருக்க வேண்டிய, தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயாவுக்கும் தெரியாது.

இரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் போகிற பக்கத்தில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போவாள். மலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே ஆயா மத்தியானத்தில் கருப்பட்டி போட்ட கஞ்சி ஊற்றுவாள். தம்பி அதில் இரண்டு மிடறு குடிப்பான், சற்று நேரத்தில் குடித்ததற்கு மேலாகவே ஆயாவின் சேலையில் திருப்பிக் கொடுப்பான். மூன்றாவது சேலை நாசமான அன்று, இந்தப் பையனை வைத்துக்கொள்ள ஏலாது என்று ஆயா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதனால் ஒன்பது வயதில், இரண்டாம் புத்தகத்தில் பாதி முடிந்திருந்தபோது, அவனைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன்.

அவனுக்கு அப்போது நான்கு வயது முடிந்து சில மாதங்கள் இருக்கும். இடுப்பில் தூக்கினால் இரண்டு வயதுப் பிள்ளையின் பாரம்தான் இருப்பான். உப்புப் போட்ட சோறு, பருப்பு, கருவாடு, எப்போதாவது கிடைக்கும் முட்டை, இவ்வளவுதான் அவன் உணவு. வாழைப்பழத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். பூசணிக்காய் கூட ஆகாது. நாங்கள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி குடிக்கும்போது, அவன் வெறும் சாயத்தண்ணியைக் கிழவனைப் போல உறிஞ்சிக்கொண்டிருப்பான்.

அவனுக்கு ஊட்டுவது பெரிய சடங்கு. ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இனிக்குமா அக்கா?" என்று கேட்பான். நான் ஒரு துளி தின்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் சோற்றைப் பார்க்க மாட்டான், என் முகத்தைத்தான் பார்ப்பான். "இனிக்காதுடா" என்று நான் சொன்ன பிறகே வாயைத் திறப்பான். அம்மாவின் கையைக்கூட அவன் நம்புவதில்லை. ஒருமுறை பாலில் சீனியைக் கரைத்துக் கொடுத்து அவள் அந்தத் தகுதியை இழந்திருந்தாள். அப்பா ஊட்டப் போனால் அடியில்தான் முடியும். ஆகவே முழு வீட்டிலும் அவனுக்குச் சோறு போகிற வழி என் கை ஒன்றுதான். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது, சகிக்க முடியாத எரிச்சலாகவும் இருந்தது. மற்றப் பிள்ளைகள் சிலேட்டோடு எங்கள் வாசலைத் தாண்டிப் போகிற நேரத்தில் எரிச்சல்தான் அதிகம்.

இந்த நிலையில் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. மாத்தளை கடைவீதியில் ஒரு மிட்டாய்க் கடையில் அவருக்கு வேலை. தன் சொந்த அக்கா மகன் இனிப்பைக் கண்டு ஓடுகிறான் என்பது அவருக்குத் தொழில் சார்ந்த அவமானம். ஆனால் அன்று அவர் வந்தது அதற்காக அல்ல. தள்ளிக்கொண்டே போன காதுகுத்தை நடத்திவிடுவது என்று முடிவாகியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். காது குத்துகிற பத்தர் ஊசியைப் போடுகிற அந்தக் கணத்தில் பிள்ளையின் வாயில் இனிப்பை வைக்க வேண்டும். வாய் இனிக்காவிட்டால் காதுகுத்து பாதியில் நின்ற மாதிரி என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். போதாததற்கு, அம்மன் பிரசாதத்தைத் துப்புகிற பிள்ளை என்று கோயிலடியில் ஏற்கெனவே பேச்சு இருந்தது. ஊர் முன்னால், அதுவும் தன் மடியில் இருந்துகொண்டு அவன் துப்பிவிடுவானோ என்பதுதான் மாமாவின் கவலை.

அதற்கு அவர் ஒரு தந்திரம் வைத்திருந்தார். கித்துள் கருப்பட்டியையும் தேனையும் வாழைப்பழத்தையும் பிசைந்து சிறு உருண்டையாக்கினார். அதைச் சுற்றி உப்புப் போட்ட பருப்புச் சோற்றைக் கனமாகப் பொத்தினார். பார்த்தால் நான் தினமும் பிடிக்கிற உருண்டைதான். அதை என் கையில் வைத்து, மேலே ஓரத்தில் மட்டும் கடித்துப் பார்த்து இனிக்காது என்று சொல்லச் சொன்னார். ஓரம் இனிக்காதுதானே, அது பொய்யாகாது என்று விளக்கமும் தந்தார். நான் தயங்கினேன். அப்போது அவர் குனிந்து, "இன்னிக்கு ஒருதரம் தின்னுட்டான்னா பழகிருவான். அப்பறம் ஆயா அவனை வச்சுக்குவாங்க. நீ பள்ளிக்கூடம் போகலாம்ல?" என்றார்.

இனிப்பு தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேனோ என்னவோ. பள்ளிக்கூடம் என்றதும் என் தயக்கம் போய்விட்டது.

லயத்து வாசலில் பாய் விரித்து, மாமா புது வேட்டியோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தம்பி அவர் மடியில். பத்தர் ஊசியை எடுத்ததும் அவன் மிரண்டுபோய் என்னைத் தேடினான். நான் முன்னால் போய் உருண்டையைக் காட்டினேன். அந்தப் பயத்திலும் அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டான். நான் ஓரத்தைக் கடித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "இனிக்காதுடா" என்றேன். வாயைத் திறந்தான். முழு உருண்டையையும் உள்ளே வைத்தேன். ஊசி இறங்கியது, அவன் அலறப் போனான், மாமா உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். விழுங்குவதைத் தவிர அவனுக்கு வேறு வழியிருக்கவில்லை. பெண்கள் குலவை போட்டார்கள். மாமா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார், அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தேர்தலில் வென்றவர் மாதிரி இருந்தார்.

பந்தி பாதி முடிவதற்குள் தம்பி வெளுத்துப்போனான். முதலில் வாந்தி, பிறகு குளிர்ந்த வேர்வை, பிறகு கை கால் வெட்டி இழுத்தது. டிஸ்பென்சர் ஐயா வந்து போத்தலில் சிவப்பு மருந்து கொடுத்தார். அது சீனிப் பாகில் கலந்த மருந்து. அடுத்த நாள் இரத்தோட்டையிலிருந்து நாட்டு வைத்தியம் பார்க்கிற சிங்கள வெதமாத்தியாவைக் கூட்டி வந்தார்கள். நல்ல மனிதர், நாடியை வெகுநேரம் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு சூரணம் தந்தார். அதைத் தேனில் குழைத்து மூன்று வேளை கொடுக்கச் சொன்னார். ஒவ்வொரு வேளையும் கொடுக்கக் கொடுக்க அவன் மோசமானான். மோசமாகிறானே என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தார்கள். மூன்றாம் வேளைக்கு அவன் பல்லை இறுகக் கடித்துக்கொண்டான். கண் திறக்கவில்லை, முனகக்கூட இல்லை, பல்லை மட்டும் விடவில்லை. மாமா கரண்டிக் காம்பால் பல்லை நெம்பப் போனார்.

அம்மா அந்தக் கரண்டியைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். "போதும். அவன் வேணாங்கிறான். செத்தாலும் சாகட்டும், நம்ம கையால திணிச்சு சாக வேணாம்" என்றாள். அப்பாவுக்கும் மாமாவுக்கும் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். பிறகு தெளிந்த கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டு, துணியை நனைத்து அவன் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் சாயங்காலத்துக்குள் அவன் அந்தத் துணியைச் சப்பத் தொடங்கினான்.

அவன் பிழைத்ததற்குப் பிற்பாடு பலர் உரிமை கோரினார்கள். அம்மனுக்கு நேர்ந்துகொண்டதால் என்றார் அப்பா. தன் சிவப்பு மருந்துதான் என்றார் டிஸ்பென்சர் ஐயா. காது குத்தினாலே தோஷம் போய்விடும் என்று மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வெகுகாலம் கழித்து கண்டியில் ஒரு டாக்டரிடம் வேறு காரியமாகப் போனபோதுதான், பழத்திலும் தேனிலும் சீனியிலும் இருக்கிற இனிப்பைச் செரிக்க முடியாமல் சில பிள்ளைகள் பிறப்பார்கள் என்றும், தாய் தகப்பன் இருவர் இரத்தத்திலும் அது மறைந்திருந்து பிள்ளைக்கு வரும் என்றும், சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் அதிகம் காணலாம் என்றும் கேள்விப்பட்டேன். என் அம்மாவுக்கு அப்பா அத்தை மகன். எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒருவன் பிறந்து, பால் மறக்கடித்துக் கஞ்சிக்குப் பழக்கிய மாதமே இறந்துபோனதாகச் சொல்வார்கள். அவனுக்கு யாரும் ருசி பார்க்கவில்லை.

அவன் துணியைச் சப்பத் தொடங்கிய மூன்றாம் நாள் அம்மா மலைக்குப் போயாக வேண்டியிருந்தது. உப்புக் கஞ்சியை நான்தான் எடுத்துக்கொண்டு போனேன். தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காதில் போட்ட நூலில் இரத்தம் காய்ந்திருந்தது. நான் அவன் முன்னால் குந்தி, அவன் கேட்பதற்கு முன்பே ஒரு வாய் குடித்துக் காட்டி, இனிக்காது என்றேன். உண்மையாகவே இனிக்காது. அவன் என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி, விரல் நுனியைத் தோய்த்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் காத்திருந்தான். பிறகு தானே குடித்தான்.

அதன் பின் எதையும் அப்படித்தான் சாப்பிட்டான். யார் ஊட்டவும் விடவில்லை, யாரிடமும் எதையும் கேட்கவில்லை. தன் பாட்டில் தின்கிற பிள்ளை என்பதால் ஆயாவும் அவனை மறுபடி சேர்த்துக்கொண்டாள். பையன் வளர்ந்துவிட்டான் என்று லயமே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திங்கட்கிழமை காலையில் அவனைப் பிள்ளைக் காம்பிரா வாசலில் விட்டுவிட்டு, சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். ஒருதரம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.