நிக்கோபார்க் கணக்கில் நூற்றிருபத்தொன்று

ஆறாம் வகுப்பில் நான் கணக்கில் புலி என்று எங்கள் டெய்ரி ஃபார்ம் பேட்டை முழுக்க ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவள் நான்தான் என்பதால், காப்பாற்றும் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது.

கார் நிக்கோபாரில் லைன்மேனாக இருந்த சித்தப்பா அந்த வருடம் லீவில் வந்தார். கூடவே கப்பலில் மூட்டை மூட்டையாக உரித்த தேங்காய். லாங் ஐலண்டில் இருக்கும் அத்தை வீட்டுக்கு மறுநாள் போகப்போவதாகச் சொன்னார். நானும் வருவேன் என்று பிடித்துக்கொண்டேன். வழியெல்லாம் கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடுவேன் என்பது குடும்பத்துக்கே தெரியும். மாட்டேன் என்று சொல்ல அவருக்கு அம்மாவிடம் பயம். அதனால் பந்தயம் வைத்தார். மூட்டைகளைக் கொல்லையில் கொட்டிவிட்டு, "இதுல ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு தேங்கா இருக்கு. மிச்சமும் வராம, குறையாம சதுரமா அடுக்கிட்டா லாங் ஐலண்ட். இல்லேன்னா வீட்டுல இரு. டீக் ஹை, சரியா?" என்றார்.

நூற்றிருபத்தொன்று. பதினோரு பதினொன்று. மனிதர்மேல் எனக்குப் பரிதாபமே வந்தது. வரிசைக்குப் பதினொன்றாகப் பதினோரு வரிசை அடுக்கி நிமிர்ந்தால், பின்னால் குவியல் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. சிலவற்றை இரண்டு முறை எண்ணிவிட்டேனோ, இல்லை எண்ண எண்ணத் தேங்காய் பெருகுகிறதோ, புரியவில்லை.

சித்தப்பா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அரே, பத்துப் பத்தா எண்ணுன்னு யாரு சொன்னா? நிக்கோபார் தேங்காய்க்கு நிக்கோபார்க் கணக்கு. அங்க எல்லாம் இருபது இருபதாத்தான். ஒரு நானூறு, ரெண்டு இருபது, ஒண்ணு."

நானூற்று நாற்பத்தொன்று. என் புலித்தனம் பதினாறாம் வாய்ப்பாட்டோடு முடிந்திருந்தது. அழுதுகொண்டே கலைத்தேன். நானூறு என்றால் இருபது இருபது என்பதுவரை தெரியும். இருபது வரிசை வைத்தேன். மிச்சத்தில் ஒரு இருபதைக் கீழே ஒரு வரிசையாக ஒட்டினேன். இன்னொரு இருபதை வலது ஓரத்தில் நிறுத்தினேன். இப்போது கையில் ஒரு தேங்காய் இருந்தது, கீழ் மூலையில் ஒரு தேங்காய்க்கு இடம் இருந்தது.

வைத்தேன்.

சித்தப்பா டீயைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்துக்கு எத்தனை என்று விரல் நீட்டி மூன்று முறை எண்ணினார். ஒவ்வொரு முறையும் இருபத்தொன்றுதான் வந்தது. "பதினொண்ணுக்குத்தானே வரணும்," என்று தேங்காய்களைப் பார்த்துக் கேட்டார். துணி காயப்போட வழியில்லாமல் வாளியோடு நின்றிருந்த அம்மா, "சதுரமாத்தான் தம்பி இருக்கு. கூட்டிட்டுப் போங்க," என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

பத்தில் சதுரமாகும் எண் இருபதில் கோணிக்கொள்ளும், நான் தோற்றே தீருவேன் என்று அவர் நம்பியிருந்தார். இது எனக்கு உறைத்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அன்றைக்கு, அண்ணன் மகளின் மூளையைக் கண்டு மலைத்துப்போனார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் போட்டில் நான் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப்போட்டு அடித்துக்கொண்டிருந்தார். எட்டெட்டாக எண்ணினால் ஒரு அறுபத்துநாலு, இரண்டு எட்டு, ஒன்று. எண்பத்தொன்று, ஒன்பது ஒன்பது. ஐந்தைந்தாக எண்ணினால் முப்பத்தாறு, ஆறு ஆறு. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் வெளிறியது. அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுசெய்து, எனக்கென்று அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கருகே நீட்டினேன்.