மேலே மிதந்தது

உடம்பில் ஒரு சொட்டுக் கொழுப்பு இல்லை என்றால், கொடுத்து வைத்தவள் என்பார்கள். அந்தக் கொடுப்பினையின் லட்சணத்தை லேப் அக்காவின் தங்கச்சியிடம் கேட்க வேண்டும். பதினாறு வயதில் கொழுப்பெல்லாம் கரையத் தொடங்கி, இருபதுக்குள் கன்னம் ஒட்டி, கைநரம்பு கயிறாகப் புடைத்துவிட்டது. "வீட்டுல சோறு போடறதில்லையா?" என்று கேட்டவர்கள் வாயில் மண்ணு விழ! தோலுக்கடியில் தங்க இடமில்லாத கொழுப்பு ரத்தத்திலும் ஈரலிலும் போய் அடைந்தது. சுகர் எந்த மருந்துக்கும் மசியவில்லை. முப்பத்தெட்டு வயதில் ஈரல் பாதி போய்விட்டது.

அக்கா கல்யாணமே வேண்டாமென்று தங்கச்சியோடு நின்றுவிட்டவள். இருபத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையில் ட்யூப்களோடு மல்லுக்கட்டினாள். அதே ஆஸ்பத்திரி மாடியில் ஒரு டாக்டரம்மா கொழுப்பு வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டதும், கெஞ்சிக் கூத்தாடி அங்கே மாறிக்கொண்டாள். நோயாளியின் செல்லையே எடுத்து, நல்ல கொழுப்பாக வளர்த்து, தோலுக்கடியில் வைப்பதுதான் அங்கே வேலை. அது பிடித்துக்கொண்டால் ஈரல் பிழைக்கும்.

தங்கச்சிக்குக் கொழுப்பு மிச்சமிருந்தது உள்ளங்காலில் மட்டும்தான். அங்கே கத்தி வைத்து ஒரு பட்டாணி அளவு எடுத்தார்கள். அந்தப் புண் ஆறித் தொலைக்கவில்லை. இன்னொரு தடவை வெட்டினால் காலே போய்விடும் என்று சர்ஜன் கையை விரித்துவிட்டார்.

ஆக, இருந்தது அந்த ஒரு பட்டாணிதான். பதினொரு வாரம் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அக்கா வந்து, அந்தச் செல்கள் வளரும் சத்துநீரை, அதாவது தீனியை, மாற்றினாள். மைக்ராஸ்கோப்பில் செல்லுக்குள் எண்ணெய்த் துளி திரண்டதைப் பார்த்த அன்று போனில் அழுதேவிட்டாள். "உனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சுடி!"

"அது எனக்கு எப்பவும் உண்டுக்கா, வாயில" என்றாள் தங்கச்சி.

சொந்தக்காரர்களுடையதைத் தொடக்கூடாது என்பது லேப் வழக்கம். கடைசி நாள் டாக்டரம்மாவும் சொல்லிப் பார்த்தார். "கை நடுங்கும்மா. நான் பண்றேன்."

"இத்தனை நாள் நடுங்காத கையா டாக்டர்?"

வேலை என்னவோ சின்னதுதான். முற்றிய செல்களைப் பிரித்து, ட்யூபில் விட்டு, மெஷினில் சுற்றிக் கழுவ வேண்டும். ரத்தம் என்றால் செல் அடியில் படியும். மேலே நிற்பதைக் கொட்டலாம். முற்றிய கொழுப்புச் செல்லோ மேலே மிதக்கும். அடியில் நிற்பதைத்தான் கொட்ட வேண்டும். அவளுக்குத் தெரியாததா? எலிக் கொழுப்பில் நாற்பது தடவை செய்தவள். ஆனால் அன்று தங்கச்சி கீழே ஆபரேஷனுக்குத் தயாராகப் படுத்திருந்தாள். மனசு அங்கே போய்விட்டது, கை இருபத்திரண்டு வருஷப் பழக்கத்துக்குப் போய்விட்டது. மேலே வெள்ளையாக நின்றதை முழுக்க உறிஞ்சி எதையும் பிழைக்கவிடாத பிளீச்சிங் கழிவுப் பாட்டிலில் விட்டாள். பிறகு ட்யூபின் அடியைப் பார்த்தாள். செத்த செல்கள் சாம்பல் பொட்டாக ஒட்டியிருந்தன.

அடப்பாவி மகளே! பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார். "கிருமி பட்டுக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். நடக்கறதுதானே. உண்மை தெரிஞ்சு அவங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"என் மூஞ்சியைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவா டாக்டர்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

"என்னக்கா, ரெடியா?"

"கொட்டிட்டேன்டி."

"எதை?"

"எல்லாத்தையும். வேற யாரும் இல்ல, நான்தான் கொட்டினேன்."

தங்கச்சி எழுந்து உட்கார்ந்தாள். "திரும்ப வளக்கலாம்ல?"

"எதை வெச்சு வளக்கறது?"

திட்டியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். தங்கச்சி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மதியம் இன்சுலின் போடும் நேரம் வந்தது. அக்காவைத் தவிர யார் போட்டாலும் வலிக்கிறது என்று அடம்பிடிப்பவள் அவள். அக்கா ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனாள். தங்கச்சி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நர்ஸைக் கூப்பிடுக்கா" என்றாள்.