தேவசகாயம் வீட்டு சோல் பாட்டுக்கு நான் மேனேஜர்

பாடகர்களுக்கு மேனேஜராக இருப்பவன், பாடுகிறவர்களைவிட அதிகமாக வியர்ப்பவன். இந்தத் தொழிலில் வியர்த்த வாசகர்கள் இப்போதே தலையாட்டியிருப்பார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பி.ஏ. நான்தான். அறுபதுகளின் கடைசியில் கோலார் தங்கவயலில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு தேவசகாயம் சுரங்கத்தில் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் வைண்டர் டிரைவர். அவருடைய மகள் ஸ்டெல்லாவும் இரண்டு தம்பிகளும், அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டுகளை ரேடியோவில் கேட்டு, சேர்ந்து பாடுவார்கள். கிறிஸ்துமசுக்குள் வெளியூரில் நிரந்தரமாக ஒரு மேடை கிடைக்காவிட்டால் பையன்கள் இருவரும் சுரங்கத்தில் சேர வேண்டும் என்று தேவசகாயம் கெடு வைத்திருந்தார். இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன் என்ற ஒரே தகுதியில் நான் மேனேஜரானேன்.

குறைகளும் இணைக்கப்பட்டுள்ளன

முதல் கடிதம் பெங்களூரில் ஓர் ஓட்டலுக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம் வேலை விண்ணப்பம்தான். மூவரின் வயது, உயரம், அம்மை குத்திய விவரம் எல்லாம் எழுதினேன். எதையும் மறைக்கக் கூடாதென்று, பெரிய தம்பிக்குப் பனிக்காலத்தில் தொண்டை கட்டும், சின்னவன் பயந்தால் சிரித்துவிடுவான் என்பதையும் சேர்த்தேன். தபாலில் போட்ட பிறகுதான் நகலை ஸ்டெல்லாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

“இன்னாண்ணா, பாட வரோம்னு எழுதச் சொன்னா, ஆஸ்பத்திரில சேத்துக்கச் சொல்லி எழுதிக்கீறீங்க?”

கல்யாணத்தில் ஒரு பிரிவு

பதில் வரும்வரை மேடைப் பழக்கம் வேண்டுமே என்று பங்காருபேட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்கு ஏற்பாடு செய்தேன். சோல் பாட்டில் முக்கால்வாசி, காதலன் விட்டுப்போன துக்கம். ஸ்டெல்லா பாதிப் பாட்டில் மண்டியிட்டுக் கதறுவாள்; தம்பிகள் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிப்பார்கள். அங்கேயும் கதறினாள். பெண் வீட்டுப் பெரியம்மாக்கள் நான்கு பேர் மேடையேறி, அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மற்றவர்கள் மாப்பிள்ளையைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்ணின் மாமா என்னைத் தனியே அழைத்துப் போய், பந்தியில் உட்கார வைத்து, இலை போடச் சொன்னார்.

“சாப்டுங்க தம்பி. பொண்ண அனுப்பறப்ப அழறதுக்கு எங்க வீட்லயே ஆளுங்க கீறாங்க.”

ஒரு மணி

ஓட்டலிலிருந்து பதில் வந்தது, ஒரு மாலை பாடிக் காட்டச் சொல்லி. கிறிஸ்துமசுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. போனோம். சாப்பாட்டு மேஜைகளில் சர்வரைக் கூப்பிடச் சின்ன மணிகள் இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். தேவசகாயத்துக்கு இசை தெரியாது. பிள்ளைகளுக்குச் சுரங்க முறையில்தான் பாட்டுப் பழக்கினார். கீழேயிருந்து ஒரு மணி வந்தால் கேஜ் நிற்கும், இரண்டுக்கு இறங்கும், மூன்றுக்கு ஏறும். அவர் தம்ளரைக் கரண்டியால் தட்ட, குரல்களும் அப்படியே.

இரண்டாவது பாட்டில் ஒரு பெரியவர் காபிக்காக மணியை ஒரு தட்டு தட்டினார். மூவரும் பாதிச் சொல்லில், திறந்த வாயோடு நின்றார்கள். அவர் குழம்பிப்போய் இரண்டு தட்டினார். குரல்கள் பாதாளத்துக்கு இறங்கின. காபியை மறந்து மூன்று தட்டினார். ஸ்டெல்லா கூரைக்குப் போனாள். பிறகு எல்லா மேஜைகளும் தட்டின. நான் தூணுக்குப் பின்னால் நின்று, தம்பிகளின் தலைக்கு எந்த அளவுச் சுரங்கத் தொப்பி பொருந்தும் என்று யோசித்தேன். ஓட்டல்காரர் கன்னடக்காரர். சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“சென்னாகிதெ கண்ரீ, ரொம்ப நல்லாயிருக்கு. சனிக்கிழம சனிக்கிழம வந்துடுங்க. காபி கேக்கறவங்களுக்கு நான் வேற வழி பண்ணிக்கறேன்.”

தேவசகாயத்தின் துக்கம்

மேடை கிடைத்த விதத்தை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டெல்லா கண்ணால் தடுத்தும், ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பெருமையில் எழுந்தே நின்றுவிட்டார். ஒரு மணி அடித்ததும் பையன்கள் எவ்வளவு சீக்கிரம் நின்றார்கள் என்று மூன்று முறை கேட்டார். நான் மெல்லக் கெடுவை நினைவூட்டியதும் முகம் வாடிவிட்டது. சொன்ன சொல் சொன்னதுதான் என்று ஒப்புக்கொண்டு, உட்கார்ந்து தலையில் கை வைத்தார்.

“இவ்ளோ நல்லா பெல் கேக்கற பசங்க. அநியாயமா பாட்டுக்குப் போறானுங்களே.”

அந்தக் குடும்பம் மேலே ஏறியதில் என் பங்கு என்ன என்று யாராவது கேட்டால், ஏறுகிற கேஜுக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்பவனின் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான்.