லின்டலோடு நின்ற வீடு

1. கலவை போட்ட பிறகு

கலவை போட்டு, முதல் தாச்சிச் சட்டி சாரத்துக்கு மேலே வந்த நேரத்தில், ஹனிபா காக்கா மோட்டார் சைக்கிளில் இருந்து இறங்காமலே கத்தினார்.

"பாஸ், வேலைய நிப்பாட்டுங்க!"

எங்கள் பக்கத்தில் சுவர் கட்டுகிற மேசனை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர்தான் பெரிது, மற்றபடி வெயிலில் காய்கிற வேலை.

அண்ணன் முறைக்குக் காக்கா என்போம்; ஹனிபா காக்கா மீன் வியாபாரி. சாய்ந்தமருதில் நான் கட்டிக்கொண்டிருந்தது அவருடைய மூத்த மகள் நுஸ்ரத்துக்கான சீதன வீடு. எங்கள் ஊர்களில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பா அன்றைக்கே வளவு தேடத் தொடங்குவார். வீடு இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் படியேற மாட்டார்கள். சுவர் அப்போது லின்டல் மட்டத்துக்கு, அதாவது ஜன்னல் தலைக்கு மேலே போகிற கொங்கிறீட் வரைக்கும், எழும்பியிருந்தது.

"காசு முடிஞ்சிட்டா காக்கா?"

"காசு இரிக்கி பாஸ். மகள் கொழும்புல படிக்கப் போறா. குற்றவியல் நீதியாம். பொலிஸ், கோட், சிறைச்சாலை எல்லாம் அதுக்குள்ள வருமாம். மூணு வருசம்."

"அப்ப வீடு?"

"கூரை, பூச்சு, தரைக்கு நீங்க சொன்ன காசும் கெம்பஸ் கேக்கிற காசும் கிட்டத்தட்ட ஒண்டுதான். வீடு சம்பளம் தராது, படிப்பு தரும். அவ உழைச்சு அவட வீட்ட அவளே முடிப்பா. இன்ஷா அல்லாஹ்."

கணக்கில் பிழை தெரியவில்லை. ஒரு பெண்பிள்ளை படிக்கப் போகிறாள் என்று எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். போட்ட கலவை பாழாகிறதே என்ற எரிச்சல் மட்டும் இருந்தது. அதை மதில் உடைசலில் பூசிவிட்டுச் சாரத்தை அவிழ்த்தோம்.

பின்னேரம் நுஸ்ரத் வந்தாள். கிழக்குப் பக்க அறையின் ஜன்னலைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ஜன்னல் பிளானில் இல்லை. கடல் தெரிய வேண்டும் என்று அவள் கேட்டதற்காக நான் வைத்தது.

"மாமா, இந்த ஜன்னலுக்குக் கீழதான் என்ட மேச. வழக்கு பைல் எல்லாம் இஞ்ச இருந்துதான் பாக்கப் போறன்."

"முதல்ல படிச்சிட்டு வா புள்ள. மேசைக்கு மறுகா ஓடாவியிட்ட சொல்லுவம்."

2. கம்பி

படித்து முடித்தாள், கெட்டிக்காரியாகத்தான் முடித்தாள். வேலைதான் இல்லை. பொலிஸில் சேர அந்தப் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. கோட்டில் வாதாடச் சட்டத்தரணியாக வேண்டும், அது வேறு படிப்பு. நன்னடத்தை உத்தியோகத்துக்கு எந்தப் பட்டக்காரரும் பரீட்சை எழுதலாம் என்றார்கள். ஆனால் அந்தப் பரீட்சைக்கு விண்ணப்பம் கோரவே இல்லை. கடைசியில் பெண்களுக்குச் சட்ட உதவி செய்யும் ஒரு சின்னத் திட்டத்தில் வேலை கிடைத்தது. சம்பளம் என் கையாளின் கூலியைவிடக் குறைவு. கேலிக்குச் சொல்லவில்லை, வயிறெரிந்து சொல்கிறேன். திட்டத்துக்கு வந்த காசு முடிந்ததும் அதுவும் போய்விட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள், "கள்ளன் காடையனோட கதைக்கிற படிப்பாமே" என்று முகத்தைச் சுளித்தார்கள். பிறகு அண்ணாந்து பார்த்தார்கள். கூரை இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தூண்களுக்கு மேலே நீட்டி நின்ற கம்பிகள் கடல் காற்றில் துருப்பிடித்து, தட்டினால் பட்டை பட்டையாக உதிர்ந்தன. இடையில் நிறுத்துகிற வேலை என்றால் கம்பிக்குச் சீமெந்தைக் கரைத்துத் தடவிவிட்டு இறங்க வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் நிற்கும் என்று அன்றைக்கு யார் நினைத்தார்கள்?

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. மணலுக்கு ஹனிபா காக்கா மூன்று இடத்தில் விலை கேட்டார். கம்பிக்குக் கல்முனைக் கடைகள் முழுக்க அலைந்தார். அந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று மட்டும் ஒருவரிடமும் கேட்கவில்லை. கோட் வாசலைத் தாண்டித்தான் தினமும் மீன் கொண்டுபோனார்.

நுஸ்ரத் கட்டாருக்குப் போனாள். ஒரு கடைத்தொகுதியில் நாள் முழுக்கக் கமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. பட்டத்தைக் காட்டியதால் சம்பளம் கொஞ்சம் கூடக் கிடைத்ததாம்.

3. கிழக்கு ஜன்னல்

அவள் அனுப்பிய காசில் வேலை மறுபடி தொடங்கியது. துருப்பிடித்த கம்பியை வெட்டி, வெடித்த லின்டலை உடைத்து, புதிதாகப் போட்டோம். கூரையும் ஏறியது. பூச்சு வேலை நடக்கும்போது ஹனிபா காக்கா வந்தார். இந்த முறை கத்தவில்லை.

"பாஸ், சின்னவள் ஹஸ்னாவுக்கு ஒரு மாப்பிள்ளை இடம் சரிவந்திரிக்கி. வீட்ட அவட பேருக்கு எழுதப் போறன்."

"நுஸ்ரத்துக்குத் தெரியுமா?"

"அவதான் சொன்னா. 'எனக்கு இனி யாரு வரப்போறாங்க வாப்பா, தங்கச்சிய காக்க வைக்காதீங்க' எண்டு." சொல்லிவிட்டுக் கண்ணைச் சாரனால் துடைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வீட்டார் அறையோடு சேர்ந்த குளியலறை கேட்டார்கள். அதற்குக் கிழக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. ஜன்னலைக் கழற்றி, புளொக் கல் வைத்து அடைத்துப் பூசினேன். கை ஓடவே இல்லை. ஆனாலும் அங்கே ஜன்னல் இருந்தது என்று யாருக்கும் தெரியாத மாதிரிதான் பூசினேன்.

குடிபுகுந்த அன்று ஹஸ்னா போனில் அக்காவுக்கு வீட்டைக் காட்டினாள். நுஸ்ரத் என்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"மாமா, வீடு நல்ல வடிவு. என்ட ஜன்னலால கடல் தெரியுதா? ஒருக்கா காட்டுங்களே."

நான் பின்வளவுக்குப் போய், குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, போனைக் கடலுக்கு நேரே பிடித்தேன்.

"தெரியுதா புள்ள?"



"ஜன்னல் சட்டத்தக் காணல்லியே, நீங்க வெளிய நிக்கிறீங்க மாமா. கமரா பாக்கிறதுதானே என்ட வேல."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

படிப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். என் பொய்யை அவள் எவ்வளவு சுருக்காகப் பிடித்தாள்! அந்தக் கண்ணுக்கு இந்த ஊரில் வேலை கொடுத்து உட்காரக் கதிரை போட ஆள் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும். என்னிடம் வேலை பழக வரும் தம்பிமாரே, நாளைக்கு உங்களுக்கும் மகள் பிறப்பாள். அவளைப் படிக்க வையுங்கள். ஆனால் லின்டலோடு வேலையை நிறுத்துவதற்கு முன்னால், அதே படிப்பை முடித்த ஒரு பிள்ளையையாவது தேடிப்போய்க் கேளுங்கள்.